தீவுப் பள்ளியில் மூன்று மாதச் சோதனைக் காலம்

2018ஆம் ஆண்டு சனவரி 10, புதன்கிழமை. எதிரே வரும் பேருந்தின் விளக்கு மட்டுமே தெரிகிற அளவுக்கு ராசிபுரத்தில் மார்கழிப் பனி. அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பிப்பது, வகுப்புக்குள் ஆசிரியராகவும் வெளியே மாணவராகவும் ஒரே நாளில் இருக்க வேண்டிய வேலை என்பதை அந்தப் பாடு பட்ட அன்பர்கள் அறிவார்கள். அன்று ஊரை விட்டுக் கிளம்பும்போது எனக்கு அது தெரியாது.

ஒப்பந்தத்தின் நான்காம் பத்தி

முப்பத்து மூன்று ஆண்டுகள் உள்ளூரில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற கையோடு, மாலத்தீவில் ஒரு சிறு தீவுப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தேன். நான்காம் பத்தி சொன்னது: முதல் மூன்று மாதங்கள் சோதனைக் காலம். முடிவில் தலைமையாசிரியை கையொப்பமிடாவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். என் பழைய மாணவர்களோ பேருந்து நிலையத்துக்கு எதிரே என் படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். மூன்று மாதத்தில் திரும்பினால் அந்தப் படத்துக்கு எதிரேதான் வந்து இறங்க வேண்டும். வழியனுப்ப வந்த என் கொழுந்தனார், லாரி வைத்திருப்பவர், ஆறுதலாகச் சொன்னார்: "பயப்படாதீங்க அண்ணி. மூணு மாசத்துல ஊருக்குத் திருப்பித் தாட்டி உட்டாங்கன்னா ஒரு போன் பண்ணுங்க, ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி கொண்டாரனுங்க."

எழாத வகுப்பு

முதல் நாள் ஆறாம் வகுப்புக்குள் நுழைந்து, பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்வதற்காகக் காத்து நின்றேன். இருபது பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆசிரியர் பேசாமல் நின்றால் நம் பக்கத்தில் அரை நிமிடத்தில் வகுப்பு அடங்கும். அங்கே ஐந்து நிமிடம் நின்றேன். முன்வரிசையில் இருந்த ஷிஃபா என்ற சிறுமி, மிகுந்த பரிவோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்கள் மிஸ், கால் வலிக்கும்."

காலைச் சிறுதேர்வு

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் பழக்கம் சுற்றுவட்டாரம் முழுவதும் தொற்றியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். காலையில் பத்துச் சொற்களுக்குச் சிறுதேர்வு, உடனே திருத்தம், மதிப்பெண்களை மேலிருந்து கீழாக உரக்க வாசித்தல், கடைசியாக வருபவர் எழுந்து நிற்றல். நான் ஆண்டுக்கணக்காகச் செய்தது இது. அதில் தீங்கு இருப்பதாக எவரும் என்னிடம் சொன்னதில்லை. இரண்டாம் மாதம் பிறந்ததும் அங்கேயும் தொடங்கினேன். ஒரு நாள் ஷிஃபா பத்துக்கு இரண்டு வாங்கினாள், நின்றாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்தத் தீவை இருபது நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். மூன்றாம் நாள் மாலை, கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது ஷிஃபாவின் தாயார் என்னை நிறுத்தினார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. "மதிப்பெண்ணை என்னிடம் சொல்லியிருக்கலாம். தீவுக்கே எதற்குச் சொன்னீர்கள்?"

திருச்செங்கோட்டுக்காரரின் கணிப்பு

கணக்கு ஆசிரியர் செந்தில் திருச்செங்கோட்டுக்காரர். அந்தத் தீவுப் பள்ளியில் நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவர். நடந்ததைச் சொன்னதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ரேங்க் வாசிச்சீங்களா?"

"வாசித்தேன்."

"நிக்க வேற வெச்சீங்களா?"

"வைத்தேன்."

"ஏனுங்க டீச்சர், எனக்கு முன்னாடி இருந்த நம்மூரு வாத்தியாரும் இதே வேலையத்தான் பண்ணுனாருங்க. பெத்தவங்க நாலு பேரு புகார் எழுதிக் குடுத்தாங்க. அவருக்குக் கையெழுத்து உழுகலீங்க."

தலைமையாசிரியை என் வகுப்பைப் பார்வையிட இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. தலைமையாசிரியைக்கு விளக்கக் கடிதம் ஒன்றை மூன்று முறை எழுதினேன். பிழை ஒன்றும் இல்லை, கொடுக்கத்தான் துணிவில்லை. செந்தில் அதைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "லெட்டர் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நின்னது அந்தப் புள்ளதானுங்க டீச்சர், தலைமையாசிரியை இல்லீங்க."

ஷிஃபாவின் வீட்டில்

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குக் கற்பிக்கவில்லை. வீட்டு வாசலில் கயிற்று நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தாயார் கதவருகே நின்றார். "உன்னை நிற்க வைத்தது என் தவறு" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

ஷிஃபா உள்ளே போய்த் தாளும் பென்சிலும் கொண்டுவந்தாள். அவள் தன் மொழியில் பத்துச் சொற்கள் சொல்வாளாம். நான் அவற்றின் பொருளை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம். ஆறு வாரம் அந்த மொழியின் நடுவே வாழ்ந்த நான் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் சரியாக எழுதினேன்: மீன். அவள் திருத்தி, மதிப்பெண் இட்டு, தாளை நான்காக மடித்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். தாயாருக்குக்கூடக் காட்டவில்லை. "யாரிடமும் சொல்ல மாட்டேன், மிஸ்."

பிறகு நடந்தது

மறுநாள் ஷிஃபா பள்ளிக்கு வந்தாள். சிறுதேர்வை நான் நிறுத்தவில்லை. மதிப்பெண்ணை வாசிப்பதை நிறுத்தினேன். தலைமையாசிரியை வகுப்பைப் பார்வையிட்டுவிட்டு வாரக்கணக்கில் வாய் திறக்கவில்லை. சோதனைக் காலத்தின் கடைசி நாள் பிற்பகலில் கையொப்பமிட்டார். ஒரு பெற்றோரின் புகார் வந்ததாகவும், அது திரும்பப் பெறப்பட்டதாகவும் கீழே ஒரு வரி எழுதியிருந்தார். இரண்டு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 2019ஆம் ஆண்டின் இறுதியில் ராசிபுரம் திரும்பினேன். செந்தில் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அயல்நாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள் ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டியதில்லை. நாம் சரியாகத் தெரிந்துகொண்டு போவது அது ஒன்றைத்தான்.