ஒரே சம்பளம், ஒரே வருத்தம்

நம்பர் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, பக்கத்தில் இருப்பவரிடம் துறைமுகங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார் அஞ்சலோ. திருகோணமலையில், மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில், நீள மர வாங்கில் உட்கார்ந்திருக்கும் அவரைக் காணலாம். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்க வருகிறார். எழுபத்தொரு வயது. இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரர்.

"ஒரு துறைமுகத்திலை எல்லாருமே வெறுங்காலோடை நடப்பினம், அதிகாரியின்ர பிள்ளையும் அப்பிடித்தான். இன்னொண்டிலை மதிலுக்கு உள்ளுக்கை நீச்சல் குளம், வெளியிலை வாளியோடை தண்ணிக்கு வரிசை. ரெண்டையும் ஏழை நாடு எண்டுதான் சொல்லுறவை."

பிறகு ஜுமாவின் கதை வரும். மொம்பாசாக்காரன், அதே குசினியில் இன்னொரு சமையல்காரன். அவன் தேங்காய்ப்பாலில் காய்ச்சும் மீனைச் சொல்லும்போது அஞ்சலோவின் குரல் தணிந்துவிடும். இன்றும் வீட்டில் அரிசி அள்ளினால் கை தன்பாட்டில் கூடப் போட்டுவிடுமாம். "கப்பலுக்கோ சமைக்கிறியள்?" என்பாராம் மனைவி சீலா.

சண்டைக் காலத்தில் ஒருமுறை, லீவில் வந்திருந்தபோது, அஞ்சலோவின் குடல்வால் வெடித்தது. சந்திக்குச் சந்தி சோதனை. எப்படியோ இதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். "பேரும் வயசும்தான் கேட்டவை. உடனை வெட்டித் தைச்சுப்போட்டினம்."

இரண்டு வருடம் கழித்து ஜுமாவுக்கும், சொந்த ஊரில் நிற்கும்போது, அதே வருத்தம். கொண்டுபோன இடத்தில் வாசலிலேயே முற்பணம் கேட்டார்கள். மனைவி உறவினர் வீடுகளுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவன் உயிர் போயிருந்தது. அடுத்த பயணத்தில், தேயிலைப் பொதியோடு அவன் வீட்டைத் தேடிப்போன அஞ்சலோவிடம் அவள்தான் இதைச் சொன்னாள்.

"ஒரே சம்பளம், ஒரே வருத்தம். அவன் என்னைவிட ஏழையில்லை, பாருங்கோ. இஞ்சை எங்களுக்கு முன்னம் ஆரோ யோசிச்சு ஒரு கதவைத் திறந்து வைச்சிருந்தவை. அவன்ரை ஊரிலை வைக்கேல்லை."

நான் போயிருந்த செவ்வாய்க்கிழமை, மருந்து கொடுக்கும் ஜன்னலில் அஞ்சலோவுக்குக் கிடைத்ததோடு சீனி வருத்தக் குளிசை முடிந்துவிட்டது. அடுத்து நின்றவர் ஹுஸ்னியா, மூதூரிலிருந்து விடிய பஸ் ஏறி வந்தவர்.

"வெளிய காசுக்கு வாங்கட்டாம். எனக்கு ஏலா," என்றார் யாரிடமோ சொல்வது போல.

"முந்தி இப்பிடி இல்லை," என்று முணுமுணுத்தார் அஞ்சலோ. பிறகு அந்தப் பெண்ணின் கிளினிக் கொப்பியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குளிசையின் பெயரையும் அளவையும் தன்னுடையதோடு இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்தார். தன் மருந்து உறையைத் திறந்தார். குளிசை அட்டைகளில் சரிபாதியை எடுத்து, கொப்பிக்குள் வைத்து மூடி, அவரிடம் நீட்டினார்.