கரையேறும் இடத்து வண்டி

என் அக்கா பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து, ராவி, நிறம் சேர்த்துத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே அறை, ஒரே ஸ்டூல். ஊரில் பாதிப் பேர் அவள் தயவில்தான் சிரிக்கிறார்கள். அவள் மட்டும் ஒன்றரை வருடமாகச் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அத்தானுக்குத் துடுப்புப் பலகைப் பைத்தியம். இரண்டு ஆள் நீளத்துக்கும் மேலான பலகையில் நின்றுகொண்டு, ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போவது. அதிலும் காற்று முதுகில் அடிக்கிற நாளில்தான் போவார். கரையோரமாகப் பதினோரு கிலோமீட்டர், காற்று கிளப்பிவிடுகிற அலைகள் மேல் வழுக்கிக்கொண்டே. காற்றோடு போனவர் காற்றை எதிர்த்துத் திரும்பி வர முடியாது. அதனால் முதலில் அவர் வண்டியைக் கரையேறும் இடத்தில் நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் அக்காவின் வண்டியில் புறப்படும் இடத்துக்கு வருவார்கள். அவர் கடலில் இறங்கியதும் அக்கா வேலைக்குப் போய்விடுவாள்.

இந்த விளையாட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு முட்டாள்தனம் உண்டு. அத்தான் அதை வருடத்துக்கு நாலு தடவையாவது செய்வார். அக்காவின் வண்டியில் உடை மாற்றும்போது, அங்கே நிற்கிற வண்டியின் சாவியைக் கழற்றிப்போட்ட பேன்ட்டிலேயே விட்டுவிடுவார். பதினோரு கிலோமீட்டர் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஞாபகம் வரும். இடுப்புப் பையில் போன் இருக்கும், சாவி இருக்காது. அக்கா கையில் பல் அச்சு மாவோடு கிளம்பிப் போய்ச் சாவியைக் கொடுத்து, கூடவே நாலு வார்த்தையும் கொடுத்துவிட்டு வருவாள்.

கடைசித் தடவை ஏதோ அவசர வேலை. பல்லுக்காக யாரோ காத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஈரச் சட்டையோடு தன் வண்டியின் பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். இவள் இறங்கக்கூட இல்லை. கண்ணாடியை இறக்கிச் சாவியை வீசினாள். "அறிவிருக்கா உங்களுக்கு? இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க" என்றாள். அவர் வாயே திறக்கவில்லை. அன்று வீடு திரும்பியும் அதிகம் பேசவில்லை. மறுநாள் காலையில் எழுந்திருக்கவும் இல்லை. இதயம் என்றார்கள்.

பத்தே நாளில் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கேட்டால், "ஊசி போட்ட வாய் மாதிரி இருக்குடி. கடிச்சாலும் தெரியல" என்பாள். சொந்தக்காரர்கள் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நானும் மனசுக்குள் அப்படித்தான் சொன்னேன், பொய் சொல்வானேன்.

ஒரு நாள் அத்தானின் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனாள். நாற்பத்தேழு வயதில்!

"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"அந்த மனுஷன் கோச்சுக்கிட்டே போனாரான்னு எனக்குத் தெரியணும். வீட்ல உக்காந்து யோசிச்சா தெரியல."

கடலில் போய் யோசித்தால் மட்டும் தெரிந்துவிடுமா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் அரம் பிடிக்கிற கையாலேயே துடுப்பும் போட்டாள். நிறுத்தாமல், ஒரே அளவாக. அரை மணியில் தோள் செத்துவிடும். பலகை வாடகைக்கு விடுகிறவர் பார்த்துப் பார்த்துத் தாங்காமல் சொன்னார்: "அக்கா, முன்னால போற அலையை எட்டிப் பிடிக்காதீங்க. பலகையோட மூக்குக்கு நேரா இருக்கிற பள்ளத்தைப் பாருங்க. வால் தூக்கும்போது சின்னச் சின்னதா நாலு போடு போடுங்க, வேகமா. வழுக்க ஆரம்பிச்சதும் துடுப்பை நிறுத்திடுங்க."

நாலு போடு சீக்கிரம் வந்துவிட்டது. நிறுத்துவதுதான் வரவில்லை. பலகை தானாக ஓடும்போதும் இவள் துடுப்பைப் போட்டு, முன்னலையின் முதுகில் பலகையின் மூக்கைக் குத்திக் கவிழ்வாள். காலில் கட்டிய கயிறு இல்லாவிட்டால் காற்று பலகையை அடித்துக்கொண்டு போயிருக்கும். எட்டு மாதம் இதே கூத்து. பிறகு மூக்கு தாழும்போது காலை அரை அடி பின்னால் வைக்கப் பழகினாள். ஒரு பள்ளத்திலிருந்து பக்கத்துப் பள்ளத்துக்குச் சரிந்து திரும்பவும், கையைக் கட்டிப்போட்டது போல நிற்கவும் பழகினாள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் மட்டும், "ம், போகுது" என்பாள்.

போன மாதம் முழுத் தூரமும் தனியாகப் போவேன் என்றாள். அத்தானின் வண்டியைக் கரையேறும் இடத்தில் நிறுத்தினோம். என் வண்டியில் புறப்படும் இடத்துக்கு வந்தோம். அவள் இறங்கியதும் நான் பள்ளி அலுவலகத்துக்கு வேலைக்கு வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து போன் அடித்தது.

"சாவி உன் வண்டியில இருக்குடி. என் பேன்ட்ல."

தலைமை ஆசிரியர் முறைக்க முறைக்கக் கிளம்பினேன். வழி முழுக்கச் சிவப்பு விளக்கு. போய்ச் சேரும்போது எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியிருந்தது. அக்கா ஈரத்தோடு பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? வேலையை விட்டுட்டு ஓடி வர்றேன். ஒரு சாவியை ஞாபகமா எடுக்கத் தெரியாதா? இனிமே எனக்கு..." என்று ஆரம்பித்தவள், என்ன சொல்கிறேன் என்று அப்போதுதான் உறைத்து நிறுத்தினேன்.

அக்கா வாயே திறக்கவில்லை. குளிரில் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"உன் வண்டி அந்தத் திருப்பத்துல வரும்போதே பார்த்துட்டேன். அப்பாடா, இவ வந்துட்டான்னு இருந்துச்சு. அவ்வளவுதான்டி இருந்துச்சு. நீ திட்டினது எதுவும் உள்ளயே போகல. பேசலாம்னா பல்லு கிட்டிக்குது, வாய் வரல."

சொல்லும்போதே முகம் கோணிக்கொண்டது. ஒன்றரை வருடத்து அழுகை. வண்டி நிறுத்த வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து அந்த ஈரத் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் திட்டுடி" என்றாள்.

எனக்கா திட்டத் தெரியாது? அன்றைக்குச் சாவியை மட்டும் அவள் உள்ளங்கையில் வைத்து மூடினேன்.