தொட்டில் ஆட்டிய தையல் மெஷின்

அலுவலகத்தில் அவளைப் படக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் வேலை படம் போடுவதல்ல. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் திட்டங்களால் யாருக்கு என்ன பலன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, மதிப்பீட்டு ரிப்போர்ட் எழுதுவது. பன்னிரண்டு வருடம் எழுதினாள். அந்த ரிப்போர்ட்களில் ஒன்று, காற்றில் அடிக்கும் ஜன்னல் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றதை ஒருநாள் கண்ணாலேயே பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்டில் கேலிச்சித்திரம் போட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களை வரைந்து வாங்கிக்கட்டிக்கொண்ட கை அது. படம் வந்ததும் ஆட்கள் பக்கத்தைப் புரட்டினார்கள். மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பிறகு வந்தது தையல் திட்டம். பெண்களுக்குப் பயிற்சி, ஆளுக்கொரு மெஷின். நாற்பது வீடு ஏறி இறங்கினாள். முப்பத்தொரு வீட்டில் மெஷின் சும்மா கிடந்தது. துணியும் ஆர்டரும் பிடித்துத் தருவதாகச் சொன்னவர்கள் அப்புறம் எட்டியே பார்க்கவில்லை.

ஒரு வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, மெஷின் மிதியில் கயிறு கட்டி மறுமுனையைத் தொட்டிலில் முடிந்திருந்தாள். கால் மிதிக்க, தொட்டில் ஆடும். கை இரண்டும் வெங்காயம் உரிக்கும். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"இதை வரைஞ்சுக்கட்டுமாம்மா?"

"வரைங்கக்கா. மூஞ்சி மட்டும் வேணாம்."

மூஞ்சி போடவில்லை. கீழே ஒரு வரி எழுதினாள்: 'துணி வரும்வரை தொட்டிலாவது ஆடட்டும்.'

ரிப்போர்ட்டை முன்வைத்த கூட்டத்தில் அந்தப் படம் திரையில் வந்தபோது அரங்கமே சிரித்தது. ஆளாளுக்கு போனில் பிடித்துக்கொண்டார்கள். கைமாறிக் கைமாறிப் போனதில், கீழே இருந்த வரியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, திட்டத்துக்காரங்க வந்து மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. தப்பாப் பயன்படுத்துறேனாம். படத்தைக் காட்டினாங்க."

படக்கார அக்கா போனை வைத்தாள். நேரே மேலாளரிடம் போனாள்.

"மூஞ்சியே இல்லையே சார், எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"மிதியில தொட்டில் கட்டின வீடு எத்தனைம்மா இருக்கும்?"

மெஷினைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவரும் தன் பங்குக்குத் திட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இவள் மூன்று எழுதினாள். பதில் இல்லை. திட்ட அலுவலகத்துக்கே போய் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தாள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க ரிப்போர்ட்படிதாம்மா செஞ்சோம்."

"எழுபத்துநாலாம் பக்கத்துல, துணி வராததுதான் காரணம்னு எழுதியிருக்கேன் சார். படிச்சுப் பாருங்க."

"படமே தெளிவா இருந்துச்சே. மெஷினை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

அங்கிருந்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். மெஷின் இருந்த மூலையில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. குழந்தை இடுப்பில் சிணுங்கிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றவளுக்கு அந்தப் பெண்தான் நாற்காலி இழுத்துப் போட்டாள்.

"நீங்க பொய்யா ஒண்ணும் வரையலையேக்கா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பழசா ஒரு மெஷின் நான் வாங்கித் தரேன்."

"வேணாங்கக்கா. தைக்கத் துணி எங்க இருக்கு?"

அடுத்த மாதம் குடிநீர்த் திட்டத்தின் ரிப்போர்ட். "படம் எங்கம்மா, கேக்குறாங்க" என்றார் மேலாளர். இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு வரைந்து கொடுத்தாள். ஒரு குழாய், ஒரு தொட்டி, வரிசையாகக் குடங்கள்.

"ஆளே இல்லையே?"

"இல்ல சார்."

அவர் படத்தை ஃபைலில் வைத்துக்கொண்டார்.