தையலுக்கு விட்ட இடம்

பூனா விஷ்ராந்த்வாடியில், ஒரு கீழ்த்தள வீட்டின் ஹாலில், கல்யாண கவுன்கள் தொங்கிய கொடிக்குக் கீழே ஒரு படகு கிடந்தது. வயிறு பருத்து, மூக்கு கொஞ்சம் கோணி, தைத்த இடமெல்லாம் செப்புக் கம்பி துருத்திக்கொண்டு நிற்கும். அழகில்லாத படகுதான். ஆனால் வேறு யாராவது அப்படிச் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். சொல்லும் உரிமை எனக்கும் அதைக் கட்டிய என் சித்திக்கும் மட்டும்தான்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பூனாவின் கேம்ப் பகுதியில் எங்கள் சர்ச் ஜனங்களுக்குக் கல்யாண கவுனும் பாடகர் குழுவுக்கு அங்கியும் தைத்துப் பிழைத்தவள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. காலைவிட அவளை அதிகம் எரிச்சல்படுத்தியது "கூட ஒரு ஆளு" என்ற பேச்சு. சர்ச்சுக்குப் போகக் கூட ஒரு ஆள், நூல் வாங்கக் கூட ஒரு ஆள், எதிர்க் கடைக்குப் போகக்கூட ஒரு ஆள். பல வருஷம் அந்த ஆள் நான்தான். அன்பாகத்தான் கூடப் போனேன். ஆனால் அன்பு எப்போதும் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் யாருக்குத்தான் மூச்சு முட்டாது?

தொண்ணூறுகளின் கடைசியில், கவுன் மாடல் தேடி ரத்திக் கடைக்குப் போனோம். பழைய பேப்பர் கடைக்கு இங்கே அப்படித்தான் பெயர். அங்கே அவள் கையில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை சிக்கியது. அதில் வீட்டிலேயே பாய்மரப் படகு கட்டும் முறை படத்தோடு இருந்தது. ப்ளைவுட்டை வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செப்புக் கம்பியால் தைத்து, மேலே பசை பூசவேண்டுமாம். "தையல்தானட்டி, நமக்குத் தெரியாததா?" என்றாள். படத்தில் இருந்த படகில் ஒரே ஒருவர்தான் உட்காரலாம். அவள் அதை வாங்கியதே அதற்காகத்தான்.

ஹாலில் ரம்பச் சத்தம் தொடங்கியதும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மாமா அவளுடைய அண்ணன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து, பிரியாணியோடு புத்திமதியும் பரிமாறுவார். "ஏட்டி, ஒனக்கு நடக்கவே ஒரு ஆளு வேணும். படகு என்னத்துக்கு?"

"வேதத்துல தண்ணி மேல நடக்கப் போனவருதான் முங்குனாரு அண்ணே. நான் உக்காந்துல்லா போறேன்" என்பாள் சித்தி, பல்லில் கம்பியைக் கடித்தபடி.

ஆனால் ஒரு தப்பு நடந்தது. தையல்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஒவ்வொரு பலகையிலும், துணிக்கு விடுவதுபோல, சுற்றிலும் தையலுக்கென்று இடம் விட்டு வெட்டிவிட்டாள். துணியானால் அந்த இடம் உள்ளே மடங்கிவிடும். ப்ளைவுட் மடங்குமா? எல்லாம் சேர்ந்தபோது படகு பிள்ளைத்தாச்சிபோல அகன்று நின்றது. பிரித்து மறுபடி வெட்டச் சொன்னேன். "துணியப் பிரிக்கலாம். கம்பி இழுத்த பலக பிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் பசை பூச ஆரம்பித்தாள். பாய் மட்டும் அச்சாகப் பொருந்தியது. அது துணியாயிற்றே.

அகன்ற படகைக் கண்டு மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கர்த்தராப் பாத்து எடம் வச்சிருக்காரு. இப்ப ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்" என்றார். இத்தனை பாடுபட்டு, கடைசியில் அந்தக் கூட ஒரு ஆளுக்கு அவளே இடம் வெட்டிக் கொடுத்துவிட்டாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அதற்குள் ஒரு வருஷமாக அவள் கடக்வாஸ்லா ஏரிக்குப் போய், அங்கே படகு ஓட்டுகிறவர்களோடு உட்கார்ந்து, காற்றையும் கயிற்றையும் பழகியிருந்தாள். மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெம்போவில் படகை ஏற்றிக்கொண்டு போனோம். தண்ணீரில் இறக்கி, சித்தியைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தோம். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு மாமாவும் பேண்டை மடித்துவிட்டு ஒரு காலைத் தூக்கினார்.

"அண்ணே, கால எடுங்க."

"எடந்தான் இருக்கேட்டி!"

"அது தையலுக்கு விட்ட எடம். ஆளுக்கு விட்டது இல்ல."

துடுப்பால் கரையை ஒரு தள்ளு தள்ளினாள். மாமா ஒற்றைக் காலோடு தடுமாறி நின்றார். நான் சத்தமாகச் சிரித்தேன். அதற்காக ஒருபோதும் மன்னிப்புக் கேட்கவில்லை.

படகு மெதுவாகத்தான் போனது. நடு ஏரியில் காற்று விழுந்துவிட, அப்படியே நின்றது. மாமா மோட்டார் படகுக்காரரைக் கூப்பிட ஓடினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் போகலாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் காற்றும் வந்தது, மற்றப் பாய்களெல்லாம் நகர்ந்தன. சித்தி மட்டும் பாயைத் தளர்த்திவிட்டு அங்கேயே இருந்தாள். வெயில் சாய்ந்த பிறகுதான் திரும்பினாள்.

மாமா முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்ப் படகைப் பிடித்தார். "காத்துதான் வந்துட்டே, ஏன் வரல? அங்க தனியா என்னத்தட்டி செஞ்ச இம்புட்டு நேரம்?"

"ஒண்ணும் செய்யல அண்ணே" என்றாள் சித்தி. "பக்கத்துல ஒருத்தரும் இல்லல்லா. அதான் இருந்தேன்."