ராஜம்மாள் வீட்டுச் சமையற்கட்டும் நூற்றைம்பது ரூபாய் அட்வான்ஸும்

1. இன்றைக்கே கேஸ் போடணும்

பஸ் டிரைவர் சூசை எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தபோது காக்கிச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. பழனி டிரிப்பை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். பின்னால் அவர் மனைவி ஆரோக்கியமேரி.

"வக்கீலய்யா, வீட்டுக்காரம்மா மேல கேஸ் போடணும். இன்னைக்கே போடணும்."

அது அறுபதுகளின் தொடக்கம். நான் திண்டுக்கல்லில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எங்களிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் வீட்டு வழக்குகள்தான். சூசை சொன்னதும் பழகிய கதையாகவே இருந்தது. ஐந்து வருடமாக ராஜம்மாள் என்ற விதவையின் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கிறார்கள். சூசை பஸ் ஓட்ட, ஆரோக்கியமேரி முறுக்கும் அதிரசமும் சுட்டுக் கடைகளுக்குப் போட்டுவந்தார். இப்போது கம்பெனி சூசையைப் பழனிக்கு மாற்றிவிட்டது. அங்கே லாட்ஜுகள் பக்கம் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வந்திருக்கிறது. வீட்டு அட்வான்ஸ் நூற்றைம்பதைத் திரும்ப வாங்கி, மாதக் கடைசிக்குள் அந்தக் கடைக்குக் கட்ட வேண்டும். ராஜம்மாளோ, சமையற்கட்டையே பாழாக்கிவிட்டார்கள், ஒரு பைசா தர முடியாது என்கிறார்.

"அட்வான்ஸுக்கு ரசீது இருக்கா?" என்றார் வக்கீல்.

"இல்லங்கய்யா. கையிலதான் குடுத்தோம்."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். "கேஸ் போட்டா வருசக்கணக்குல இழுக்கும். அதுக்குள்ள அந்தக் கடைய வேற எவனாவது எடுத்துருவான்." என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, நீ போயி மொதல்ல வீட்டப் பாத்துட்டு வா."

2. தளம்

மறுநாள் காலையில் ஒரு கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். ராஜம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க, வந்து பாருங்க கொடுமைய" என்று முன்னால் நடந்தார்.

சேதம் இருந்தது உண்மை. உரல் கிடந்த இடத்தைச் சுற்றித் தளம் நாலாபக்கமும் வெடித்திருந்தது. அடுப்புக்கு மேலே சுவர் கன்னங்கரேலென்று இருந்தது.

ஆரோக்கியமேரி மறைக்கவில்லை. "ஒரல் போட்டது நான்தான். மாவு இடிச்சதும் நான்தான். இல்லேன்னு சொல்லலையே."

கொத்தனார் தளத்தைத் தட்டிப் பார்த்தார். "ஒரு நாள் வேல. சிமெண்டு, வெள்ளையடிக்கிறது எல்லாம் சேத்து இருவது ரூவாக்குள்ள முடிச்சுறலாம்."

அந்த இருபதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரலாமே என்று ராஜம்மாளிடம் கேட்டேன். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"தளம் மட்டுமா? நெலை ஆடுது," என்றார்.

கொத்தனார் போய்க் கதவு நிலையை அசைத்துப் பார்த்தார். அது ஆடவில்லை.

"கெணத்துச் சுவரு பேந்து போச்சு. ஓடு நாலஞ்சு ஒடஞ்சு கெடக்கு."

சூசைக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன்க்கா, வானத்துல ஓட்ட விழுந்தாலும் நாங்கதான் போட்டமா?"

அந்தம்மாள் பணத்தை விழுங்கப் பார்க்கிறார் என்றே எனக்கும் பட்டது. நோட்டீசில் என்னென்ன எழுதுவது என்று மனதுக்குள் வாசகம் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போது ஆரோக்கியமேரி என்னைக் கிணற்றடிப் பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணே, செத்த நில்லுங்க. அக்காகிட்ட பணம் இல்லண்ணே."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவுக வீட்ல ரெண்டு பெரிய அண்டா உண்டு. பெரிய ஆர்டர் வந்தா நான் வாங்கித்தான் மாவு கரைப்பேன். போன வாரம் கேட்டேன், இல்லேன்னுட்டாக. இப்ப உள்ள எட்டிப் பாத்தேன், பரணே காலியா கெடக்கு. அடகுக்குத்தான் போயிருக்கும். பொண்ண டீச்சர் டிரெய்னிங் சேத்துருக்காகள்ல, எல்லாம் அங்கதான் போயிருக்கு. வாய் விட்டுச் சொல்ல மாட்டாக."

சூசையையும் கொத்தனாரையும் டீ குடிக்க அனுப்பினேன். ராஜம்மாளிடம் போய், "அம்மா, தளத்த விடுங்க. அட்வான்ஸ் பணம் உங்க கையில இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

சூசை போன வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இல்ல தம்பி. பிள்ளைக்கு ஆஸ்டலுக்குக் கட்டிட்டேன். இவுக இன்னும் நாலஞ்சு வருசம் இருப்பாகன்னு நெனச்சேன். திடீர்னு போறோம்னு வந்து நின்னா நான் எங்க போவேன்? பணம் இல்லேன்னு சொன்னா தெருவே சிரிக்கும். தளம் ஒடஞ்சுருச்சுன்னு சொன்னா, நான் கேக்குறவளா இருப்பேன். குடுக்க வேண்டியவளா நிக்க வேண்டாம் பாருங்க."

3. குடித்தனம் வரவில்லை

அடுத்துக் குடிவருகிறவர் தரும் அட்வான்ஸை அப்படியே ஆரோக்கியமேரிக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். ராஜம்மாள் உடனே ஒப்புக்கொண்டார். சூசை முதலில் முரண்டு பிடித்தார். அண்டா விஷயத்தை மனைவி சொன்ன பிறகு இறங்கி வந்து, தளத்தைத் தன் செலவிலேயே பூசிக் கொடுத்தார்.

ஆனால் யாரும் குடிவரவில்லை. அட்வான்ஸைத் தராமலிருக்க, சமையற்கட்டு இடிந்து கிடப்பதாக ராஜம்மாள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பேச்சு இப்போது அவர் வீட்டையே பிடித்துக்கொண்டது. புகையிலைக் கிடங்குக் கணக்கர் ஒருவர் வாசல்வரை வந்து, "அடுப்படி இடிஞ்ச வீடு இதானா?" என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார். மாதக் கடைசி நெருங்கியது. பழனிக் கடைக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் என் யோசனை எதுவும் உதவவில்லை. உதவியது ஆரோக்கியமேரிதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வீடு தேடிக்கொண்டிருந்த ஒரு டீச்சரையும் அவர் கணவரையும் மாதா கோயிலிலிருந்து நேராகக் கூட்டிவந்துவிட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன். தன் சொந்த வீட்டைக் காட்டுவதுபோல அறை அறையாகக் காட்டினார்.

"தண்ணிக்கு அலைய வேண்டாம் டீச்சர். ஊரே கொடத்தத் தூக்கிட்டு அலஞ்ச கோடையிலகூட இந்தக் கெணறு வத்தல. இம்புட்டுத்தான் எறைக்கணும்னு அக்கா ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு வாரம் கஞ்சி வச்சுக் குடுத்தது இவுகதான். தளத்த ஒடச்சது நான். பூசியாச்சு. மிதிச்சுப் பாருங்க."

கதவோரம் நின்றிருந்த ராஜம்மாள் தலை நிமிரவே இல்லை. டீச்சர் தளத்தை மிதித்துப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், சரி என்றார்.

மூன்றாம் நாள் டீச்சர் பணத்தை ராஜம்மாள் கையில் கொடுத்தார். அது அங்கிருந்து ஆரோக்கியமேரி கைக்குப் போனது. இரண்டுக்கும் நான் ரசீது எழுதினேன். மாதக் கடைசிக்கு முன்பே பழனிக் கடைக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. தளம், சுவர், நிலை, ஓடு எல்லாவற்றையும் டீச்சரும் ராஜம்மாளும் சேர்ந்து பார்த்து, எது எப்படி இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்த வாடகை ஒப்பந்தத்திலும் நான் இதை விட்டதில்லை.

"நல்லா இருந்த ஒரு கேஸக் கெடுத்துட்டியேப்பா," என்று வக்கீல் சிரித்தார்.

அன்றிலிருந்து அட்வான்ஸ் தகராறு எது வந்தாலும், சேதத்தைப் பார்க்கும் முன்பே வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துப் பணம் கையில் இருக்கிறதா என்று கேட்டுவிடுவேன். இருந்தும் தர மனமில்லாதவர்கள் உண்டு. அவர்களுக்குக் கோர்ட்தான் வழி. ஆனால் இல்லாதவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அவர்களோடு சுவர் வெடிப்பைப் பற்றி எத்தனை நாள் பேசினாலும் பேச்சு நகராது. ராஜம்மாளின் பெண் டிரெய்னிங்கை முடித்து வேலைக்குப் போனதும், டீச்சருக்குத் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் தொகையை முதல் காரியமாகத் தபாலாபீசில் போட்டு வைத்தார்கள்.

சூசை குடும்பம் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். சாமான்களையெல்லாம் பஸ் மேலே ஏற்றியாகிவிட்டது. ராஜம்மாளும் வந்திருந்தார். ஜன்னல் பக்கம் நின்று ஆரோக்கியமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "முருகனப் பாக்க வந்தா ஒரு ராத்திரி உன் வீட்ல தங்கிக்கிடவா?" என்றார்.

"வாங்கக்கா," என்றார் ஆரோக்கியமேரி. "அட்வான்ஸ் கேக்க மாட்டேன்."

பஸ் நகரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.