விரதம் காணாதாம்

எனாமல் கோப்பையில் சோறு, மேலே தேங்காய்ப்பால் சொதி, ஓரத்தில் ஒரு துண்டு விளைமீன். மாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குச் சரியாக விளங்கவில்லை.

மாமி என் அப்பாவின் தங்கை. தொண்ணூறில் சண்டையால் எங்கள் கடற்கரை ஊரான மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டு, மருதனார்மடத்தில் வாடகை வீடொன்றில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். அதற்கு முந்திய மாரியில் கடலில் தொழிலுக்குப் போன மாமா திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. மாமி தாலியையும் பொட்டையும் விடவில்லை, மச்சத்தை விட்டார். மீன், இறைச்சி, முட்டை எல்லாம் எங்களுக்கு மச்சம்தான். மீன் இல்லாமல் ஒரு பிடி சோறு இறங்காத மனுஷி அவர். இப்போது தினமும் மரக்கறி, வெள்ளிக்கிழமை ஒருநேரச் சாப்பாடு. மாமா வந்து சேரவேண்டும் என்ற நேர்த்தி என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பிறகு கால் வீங்கத் தொடங்கியது. டொக்டரிடம் தனியே போய் வந்த மாமி, "டொக்டரும் சொல்லிப்போட்டார், விரதம் காணாதாம்" என்றார். எங்கள் பேச்சில் காணாது என்றால் போதாது. அம்மா அந்த டொக்டரின் பக்தியை மெச்சி மாளவில்லை. மாமி செவ்வாய்க்கிழமையையும் விரதநாள் ஆக்கிக்கொண்டார்.

நான் அப்போது உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். காபோவைதரேற்று, இலிப்பிட்டு, புரதம், நியூக்கிளிக்கமிலம் என்று பாடமாக்கியபடி நல்லூர் ரியூசனுக்குச் சைக்கிள் உழக்குவேன். வீட்டில் விரதம் விரதம் என்று கதைத்தபோது இந்த மரமண்டைக்கு ஒன்றும் தட்டவில்லை. வீக்கம் முழங்காலுக்கு ஏறியதும் மாமியோடு நானும் போனேன். டொக்டர் கொதித்துப்போனார்.

"புரதம் காணாதெண்டெல்லோ சொன்னனான்? இப்பிடியே விட்டா ஆள் தப்பாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் பிடித்தது. பருப்பும் பயறும் தட்டுப்பாடான காலம். அம்மா எங்கோ அலைந்து அந்த மீனை வாங்கி வந்து சொதி வைத்தார். மாமி தொடவில்லை. முருகன் கோபிக்கமாட்டார் என்று அம்மா கெஞ்சினார், அப்பா ஏசினார். கடைசியில் நான் பக்கத்தில் குந்தி என் பாடத்தை எடுத்தேன். மீன் மீனாக எங்கள் உடம்பில் சேர்வதில்லை. வயிறு அதன் புரதத்தை அமினோ அமிலம் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்கும். அவற்றை வைத்து உடம்பு தன் சொந்தத் தசையைக் கட்டும். பிறகு அதில் மீன் என்று ஒன்றும் இல்லை.

மாமி கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"மீனுக்கும் அப்பிடித்தானோ, பிள்ளை? அது திண்டதும் அதின்ரை உடம்பாப் போயிடுமோ?"

மீனை விட்டது நேர்த்திக்காக இல்லை. மாமா கிடக்கும் கடலின் மீனை வாயில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். புத்தகத்தில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

"ஓம் மாமி" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மாமி மீனைப் பிட்டுச் சோற்றோடு குழைத்தார். அழுதழுது முழுவதையும் சாப்பிட்டார். கை கழுவ எழும்பும்போது, "முள்ளை நாய்க்குப் போடாதேங்கோ" என்று மட்டும் சொன்னார்.

மாமா அதில் இல்லை என்று சாப்பிட்டாரா, இருக்கிறார் என்று சாப்பிட்டாரா? கால் வீக்கம் வற்றியது, ஆனால் அதைக் கேட்க எனக்கு வாய் வரவேயில்லை. இன்று அதே பாடத்தை நானே வகுப்பில் தடுமாறாமல் படிப்பிக்கிறேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கோப்பையைக் கழுவும்போது வாசலில் நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும். முள்ளைப் போட எனக்குக் கை வருவதில்லை.