உப்பில் வைத்த காசித்தும்பை விதைகள்

எங்கள் வீட்டு மண்ணில் காசித்தும்பை வளராது. தெருவைத் தாண்டினால் உப்பளம். கோடையில் எங்கள் தோட்டத்திலும் உப்புப் பூத்துக் கிடக்கும். அதனால் அக்கா பெருமுக்கலிலிருந்து செம்மண்ணைச் சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்து, உடைந்த பிளாஸ்டிக் வாளிகள் மூன்றில் நிரப்பி வாசலில் வைத்தாள். கத்தரிப்பூ நிறத்தில், அடுக்கடுக்காய்ப் பூத்தவை அவளுடைய செடிகள். முற்றிய காய்களை விரல் நுனியால் தொடுவாள். அவை வெடித்துச் சுருளும்போது ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டுச் சிரிப்பாள்.

ஒரு தை மாதம், மூன்று நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். செடிகளில் காய்கள் மிஞ்சியிருந்தன. வீட்டில் யாரும் பேசாத பகல்களில் அவை தாமாக வெடித்தன. மிகச் சிறிய ஓசைதான். ஆனால் அம்மா ஒவ்வொரு முறையும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மீதிக் காய்களையெல்லாம் பறித்து, விதைகளை உதிர்த்து எடுத்து வைத்தாள். நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அக்காவுக்கு அவள் வளர்த்த பூவையே வைக்க வேண்டும்; அந்த ஆண்டு அம்மா வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

ஆவணியில் விதை கேட்டேன். அம்மா ஊறுகாய் ஜாடியை எடுத்து வந்தாள். உள்ளே ஒரு வரிசை கல்லுப்பு, ஒரு வரிசை விதை, மறுபடியும் உப்பு. கருவாடு போடும் அதே முறை.

"ஒண்ணும் கெட்டிருக்காது பாப்பா. உப்புலதான வச்சிருக்கேன்."

உப்பளத்தில் இருபது ஆண்டு கூலிவேலை செய்த கை. மீனையும் மாங்காயையும் காத்த பொருள் இதையும் காக்கும் என்று அது நம்பியிருக்கிறது. மழைக்காற்றில் உப்பு கசிந்து, விதைகள் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றை நான் கழுவி, உலர்த்தி, விதைத்தேன். அம்மா தினமும் காலையில் வாளிகளின் மேல் குனிந்தாள்.

"இன்னும் வரலியா?"

"வரும்மா."

"அவளும் இப்படித்தான். எழுப்பினா லேசுல எழுந்துக்க மாட்டா."

பதிமூன்றாம் நாள் திண்டிவனத்தில் ஒரு விதைப் பொட்டலம் வாங்கிவந்து, அம்மா வேலைக்குப் போனபின் அதே மண்ணில் ஊன்றினேன். ஆறாம் நாள் முளைத்தது. அம்மா வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்து நிற்க முடியாமல் நான் உள்ளே போய் ஒரு பாடப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

பொட்டலத்தின் படத்தில் கத்தரிப்பூ நிறம்தான் இருந்தது. ஐப்பசியில் பூத்ததோ வெளிர் சிவப்பு, ஒற்றை அடுக்கு.

கல்லறைத் திருநாளன்று அம்மா அவற்றைப் பறித்துத் தட்டில் எடுத்துவந்தாள். நான் ஏற்றிய மெழுகுவத்தியைக் கடற்காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. அவள் ஒவ்வொரு பூவாக வைத்தாள்.

"இந்த நெறம் அவளுக்குப் புடிக்காது," என்றாள், பக்கத்துக் கல்லறையில் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில். "திட்டப் போறா." யாரை என்று சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

மார்கழியில் காய்கள் மறுபடியும் வெடிக்கத் தொடங்கின. கடையில் வாங்கிய விதையின் காய்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு மாலை அம்மா என் மேசைமேல் ஒரு காகித மடிப்பை வைத்தாள்.

"விதை. நீயே வச்சிக்க. எங்கிட்ட இருந்தா மறுபடி உப்புல போட்டுடுவேன்."